நூற்றைம்பது மைல் கணக்கு

1961 மார்ச் 15. ஸ்விட்சர்லாந்தின் ஜெனிவா நகரம். ஏரிக்கரையில் ஒரு பூங்கா. பூங்காவுக்குள் ஒரு ரெஸ்டாரண்ட். ஐரோப்பாவின் மோட்டார் பத்திரிகையாளர்கள் இருநூறு பேர் வரை அங்கே கூடியிருந்தார்கள். இங்கிலாந்தின் ஜாகுவார் கம்பெனி புதுசாக ஒரு ஸ்போர்ட்ஸ் காரைக் காட்டப்போகிறது.

கூட்டம் வந்துவிட்டது. முதலாளி சர் வில்லியம் லயன்ஸ் வந்துவிட்டார். காட்ட வேண்டிய கார்தான் வரவில்லை.

கார் அப்போது நடுரோட்டில் இருந்தது. கோவென்ட்ரி தொழிற்சாலையிலிருந்து பாப் பெரி என்கிற ஜாகுவார் ஊழியர் அதை ஓட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். இங்கிலாந்தைக் கடந்து, கடலைத் தாண்டி, பிரான்ஸைக் குறுக்கே வெட்டி, ராத்திரியெல்லாம் ஓட்டம். விழாவுக்குச் சில நிமிடங்களே பாக்கி இருக்கும்போது வந்து சேர்ந்தார். அவசர அவசரமாகக் கழுவித் துடைத்து உள்ளே கொண்டுபோனார்கள். ‘நீ வரவே போவதில்லை என்று நினைத்துவிட்டேன்’ என்கிற ரீதியில் முதலாளி சிடுசிடுத்தாராம்.

திரை விலகியது. கார் பெயர் ஈ-டைப். அப்புறம் நடந்ததைத்தான் அறுபது வருடத்துக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நீ...ளமான மூக்கு. காரில் பாதி பானெட்தானோ என்று சந்தேகம் வரும். சின்னதாக, முட்டை வடிவில் ஒரு வாய். கண்ணாடிக்குள் பதித்த ஹெட்லைட். பின்பக்கம் அப்படியே வழுக்கிக்கொண்டு போய் முடிந்துவிடுகிறது. எங்கேயும் ஒரு மூலை இல்லை, முடிச்சு இல்லை.

பார்த்தவர்கள் சும்மா விடுவார்களா? ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார்கள். பாப் பெரி ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு சுற்றிக் காட்டினார். க்யூ குறையவே இல்லை. ஒரு கார் போதாது என்று லயன்ஸுக்குப் புரிந்தது. கோவென்ட்ரிக்கு போன் போனது. இன்னொரு ஈ-டைப் அங்கே இருக்கிறது, கூரை திறக்கும் மாடல். கம்பெனியின் தலைமை டெஸ்ட் டிரைவர் நார்மன் டூயிஸிடம், கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டு உடனே கிளம்பச் சொன்னார்கள்.

டூயிஸ் கிளம்பினார். மறுபடியும் ஒரு ராத்திரி, மறுபடியும் ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம். காலை பத்து மணிக்கு ஜெனிவாவில் ஆஜர். அன்றைக்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு சுற்றினார்.

எல்லோரும் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

‘எவ்வளவு வேகம் போகும்?’

ஜாகுவாரிடம் பதில் தயாராக இருந்தது. மணிக்கு 150 மைல். அதாவது 241 கிலோமீட்டர்.

இந்த எண்ணின் எடை இன்றைக்குப் புரியாது. அன்றைய பிரிட்டனில் நடுத்தரக் குடும்பம் வைத்திருந்த கார் எழுபது மைலைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கும். நம் அம்பாசிடரின் மூதாதையான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டும் அந்தக் கோஷ்டிதான். 150 மைல் என்பது பெரும் பணக்காரர்களும் ரேஸ்காரர்களும் பேசுகிற எண்.

விலை? வரி உள்பட ஏறத்தாழ 2,100 பவுண்டு. ஆஸ்டன் மார்ட்டின் டிபி4 அதைப்போல இரண்டு மடங்கு. ஃபெராரி இன்னும் மேலே. கிட்டத்தட்ட பாதி விலை, அதே வேகம், அதைவிட அழகு. யார் வேண்டாம் என்பார்கள்?

நான் பி.காம். படித்தவன். ஒரு பொருள் பாதி விலைக்கு வந்தால், மீதிப் பாதியை எங்கே குறைத்தார்கள் என்றுதான் முதலில் பார்க்கத் தோன்றும். அந்தப் புத்தியோடு ஈ-டைப்பின் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் ரொம்ப சுவாரசியமான சில வரவு, செலவுகள் தென்படுகின்றன.

அதற்கு முன்னால், இரண்டு மனிதர்களைப் பார்த்துவிடலாம்.

*

முதல் மனிதர் முதலாளி லயன்ஸ். பிளாக்பூல் என்கிற கடற்கரை ஊரில் பிறந்தவர். 1922-ல் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து மோட்டார் சைக்கிளுக்கு சைடுகார் செய்து விற்றார். அதிலிருந்து கார்களுக்கு பாடி கட்டுவது, அப்புறம் முழுக் கார். அவருடைய கம்பெனி பெயரில் எஸ்.எஸ். என்ற எழுத்துகள் இருந்தன. ஹிட்லரின் எஸ்.எஸ். படையை உலகமே வெறுத்த பிறகு அந்தப் பெயரில் கார் விற்க முடியுமா? 1945-ல் கம்பெனியின் பெயர் ஜாகுவார் ஆனது.

லயன்ஸ் டிசைன் படித்தவர் இல்லை. அவருக்கு இருந்தது கண். புது மாடலுக்கு முழு அளவில் ஒரு உருவம் செய்யச் சொல்வார். அதைத் தன் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்வார். வெளிச்சத்தில் பார்ப்பார். நடந்து பார்ப்பார். தள்ளி நின்று பார்ப்பார். ‘இந்த இடத்தில் கொஞ்சம் இறக்கு.’ இறக்குவார்கள். மறுபடி பார்ப்பார். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அவ்வளவு நேரம் பார்க்க மாட்டார்கள்.

அவருக்கு இன்னொன்றும் தெரியும். எண் விற்கும். 1948-ல் அவர் கொண்டுவந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு எக்ஸ்.கே.120 என்று பெயர் வைத்தார். 120 என்பது மைல் கணக்கில் அதன் வேகம். சந்தேகப்பட்டவர்களுக்காக 1949-ல் பெல்ஜியத்தின் யாபெக்கே நெடுஞ்சாலையில், பத்திரிகையாளர்கள் முன்னிலையில் ஓட்டியே காட்டினார்கள். முன் கண்ணாடியைக் கழற்றி, காற்றுக்கு வசதி செய்துகொடுத்து ஓட்டியபோது 132 மைல். எண்ணைப் பெயரிலேயே வைக்கலாம், எண்ணுக்காகக் காரைக் கொஞ்சம் ஜோடிக்கவும் செய்யலாம். இந்த இரண்டு பாடங்களும் ஜாகுவாருக்கு அப்போதே பழகிவிட்டன.

இரண்டாவது மனிதர் மால்கம் சேயர். இவர் வேறு ரகம். பிரிஸ்டல் விமானக் கம்பெனியில் வேலை பார்த்தவர். போர் முடிந்தபின் பாக்தாத் போய்க் கொஞ்ச காலம் கல்லூரிப் பணி. 1950-களின் தொடக்கத்தில் ஜாகுவாருக்கு வந்தார். ‘ஸ்டைலிஸ்ட்’ என்று யாராவது சொன்னால் பிடிக்காது. அவர் காற்றைப் படித்தவர். கார் என்பது அவருக்கு தரையில் ஓடும் விமானம், அவ்வளவுதான்.

நம் ஊர் கல்லூரிகளில் கிளார்க்ஸ் டேபிள் என்று ஒரு புத்தகம் உண்டு. பக்கம் பக்கமாக எண்கள். சயின்ஸ் மாணவர்கள் பரீட்சைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போவார்கள். கிட்டத்தட்ட அந்த மாதிரி லாகரிதம் அட்டவணையையும் ஸ்லைடு ரூலையும் வைத்துக்கொண்டுதான் சேயர் கார் வரைந்தார். ஒரு வளைவு வேண்டும் என்றால் அதில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் எங்கே வர வேண்டும் என்று ஃபார்முலா போட்டுக் கணக்கிடுவார். நீள நீளமான காகிதங்களில் வரிசையாக எண்கள். இன்றைக்கு கம்ப்யூட்டர் செய்கிற வேலை. அவர் கையால் செய்தார்.

அப்புறம் வண்டி முழுக்கத் துண்டு துண்டாகக் கம்பளி நூலை ஒட்டி ஓடவிடுவார்கள். நூல் ஒழுங்காகப் படிந்து கிடந்தால் காற்று சரியாகப் போகிறது. துள்ளித் துடித்தால் அந்த இடத்தில் ஏதோ கோளாறு. திரும்பக் கணக்கு.

ஒருவருக்குக் கண். ஒருவருக்குக் கணக்கு. ஒருவர் ‘பார்க்க எப்படி இருக்கிறது’ என்கிறார். மற்றவர் ‘காற்று என்ன சொல்கிறது’ என்கிறார். ஸ்போர்ட்ஸ் கார் ரசிகர்கள் இன்றுவரை அடித்துக்கொள்ளும் ‘ஸ்டைலா, பெர்ஃபார்மன்ஸா?’ என்கிற சண்டை, ஜாகுவார் கம்பெனியின் சம்பளப் பட்டியலிலேயே இருந்தது!

*

சேயர் வடிவம் கொடுத்த ரேஸ் கார்கள்தான் சி-டைப்பும் டி-டைப்பும். பிரான்ஸில் லெ மான் என்ற ஊரில் நடக்கும் 24 மணி நேர ரேஸ்தான் அன்றைக்கு ஸ்போர்ட்ஸ் கார்களின் உச்சபட்சப் பரீட்சை. சி-டைப் 1951, 1953 என இரண்டு தடவை ஜெயித்தது. டி-டைப் 1955, 56, 57 என வரிசையாக மூன்று தடவை.

ஆனால், அந்த 1955 வெற்றியை யாரும் கொண்டாடவில்லை. ரேஸுக்குச் சில நாள் முன்பு, லயன்ஸின் ஒரே மகன் ஜான், லெ மானுக்குக் காரில் போகும் வழியில் விபத்தில் இறந்துபோனார். ரேஸ் அன்று இன்னும் பெரிய கொடுமை. ஒரு மெர்சிடிஸ் கார் தூக்கி எறியப்பட்டு, அதன் பாகங்கள் பார்வையாளர் கூட்டத்துக்குள் பாய்ந்தன. எண்பது பேருக்கு மேல் இறந்தார்கள். மோட்டார் ரேஸ் வரலாற்றிலேயே அதைவிட மோசமான நாள் இல்லை. ஜாகுவார் ஜெயித்தது. ஜெயித்து?

அடுத்த வருடம் ஜாகுவார் கம்பெனி நேரடியாக ரேஸ் விடுவதை நிறுத்திக்கொண்டது. 57 வெற்றி, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஒரு தனியார் டீம் ஓட்டிக் கொடுத்தது. அதே 1957 பிப்ரவரியில் தொழிற்சாலையில் பெரிய தீ விபத்து வேறு. மகனும் இல்லை, ரேஸும் இல்லை, தொழிற்சாலையில் பாதி கரி. இந்த நிலையிலிருந்துதான், டி-டைப் ரேஸ் காரின் எலும்பை வைத்துக்கொண்டு, ரோட்டில் ஓடும் ஒரு காரைச் செய்ய ஆரம்பித்தார்கள். டி-க்கு அடுத்த எழுத்து ஈ.

*

இப்போது கணக்குப் புத்தகத்தைத் திறக்கலாம்.

முதல் பதிவு: 150 மைல். 1961 மார்ச் மாதமே பிரிட்டனின் இரண்டு பெரிய மோட்டார் பத்திரிகைகள் ஈ-டைப்பை ஓட்டிப் பார்த்து எழுதின. ‘ஆட்டோகார்’ பத்திரிகைக்கு வந்த எண் 150.4. ‘மோட்டார்’ பத்திரிகைக்கு 149.1. அப்படியானால் கம்பெனி சொன்னது உண்மைதானே?

பொறுங்கள். அந்தப் பத்திரிகைகள் ஓட்டியது எந்தக் கார்களை? பாப் பெரி ராத்திரியெல்லாம் ஓட்டி வந்தாரே, அது ஒன்று. டூயிஸ் கொண்டுவந்தாரே, அது இன்னொன்று. இரண்டுமே ஷோரூமில் வாங்கக்கூடியவை அல்ல. கம்பெனியே வைத்துப் பராமரித்த சோதனைக் கார்கள். இன்ஜினைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்திருந்தார்கள். சோதனை ஓட்டத்துக்கு மாட்டியிருந்தது ரேஸ் டயர்.

ஆசையாக ஈ-டைப் வாங்கிய சாதாரண வாடிக்கையாளர், காலியான ஒரு நெடுஞ்சாலையில் ஆக்ஸிலரேட்டரை மிதி மிதியென்று மிதித்தாலும் முள் 140-ஐ ஒட்டியே நின்றது. 150-ஐத் தொட்டவர்கள் அபூர்வம். கல்யாணத்துக்கு முன் காட்டிய போட்டோ மாதிரிதான். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால், பவுடர் கொஞ்சம் அதிகம்.

இரண்டாவது பதிவு: 265 குதிரைத்திறன். இது 3.8 லிட்டர் இன்ஜினுக்குக் கம்பெனி சொன்ன சக்தி. நல்ல இன்ஜின்தான், சந்தேகமில்லை. இரண்டாம் உலகப்போர் சமயத்தில், குண்டு விழுந்தால் தீயணைக்கத் தொழிற்சாலையில் ராத்திரி காவல் இருந்தபோது, ஜாகுவாரின் இன்ஜினீயர்கள் பேசிப் பேசி உருவாக்கிய திட்டம் அது. ஆனால், அந்த 265 ‘கிராஸ்’ கணக்கு. அதாவது, ரோட்டில் ஓடும் காரில் இன்ஜினோடு சேர்ந்திருக்கும் சுமைகளையெல்லாம் கழற்றிவிட்டு, மேடையில் வைத்து ஓட்டி அளந்தது. அன்றைக்கு நிறையக் கம்பெனிகள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தன. காமர்ஸ் மாணவனுக்கு விளக்கவே வேண்டாம். கிராஸ் பிராஃபிட்டைக் காட்டி மாமனாரிடம் பெருமை அடித்துக்கொள்ளலாம். வீட்டு வாடகை கொடுப்பது நெட் பிராஃபிட்டில்.

மூன்றாவது பதிவு: ரேஸ். வேகத்துக்கு இதைவிட நேர்மையான தராசு கிடையாது. ஜெனிவா விழா முடிந்து ஒரே மாதம். 1961 ஏப்ரல் 15, இங்கிலாந்தின் ஓல்டன் பார்க். ஈ-டைப்புக்கு அதுதான் முதல் ரேஸ். கிரஹாம் ஹில் ஓட்டிய ஈ-டைப் முதல் இடம்! இன்னொரு ஈ-டைப் மூன்றாம் இடம். ஜாகுவார் ரசிகர்கள் தலைகால் புரியாமல் குதித்தார்கள்.

குதிக்கட்டும். அங்கே இத்தாலியில் ஒருவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். என்ஸோ ஃபெராரி. அடுத்த வருடமே அவரிடமிருந்து 250 ஜி.டி.ஓ. என்று ஒரு கார் வந்தது. வந்த காரியம் கச்சிதமாக முடிந்தது. 1962, 63, 64 மூன்று வருடமும் அந்தப் பிரிவின் உலக சாம்பியன்ஷிப் பட்டம் ஃபெராரிக்கே. ஜாகுவார் சும்மா இருக்கவில்லை. 1963-ல் அலுமினிய உடம்போடு எடை குறைந்த ஈ-டைப்புகளை ரேஸுக்கென்று செய்தது. பதினெட்டு செய்வதாகத் திட்டம். பன்னிரண்டோடு நின்றுவிட்டது. ஃபெராரியை அது அசைக்கவில்லை.

ஃபெராரி ரசிகர்கள் இந்த இடத்தில்தான் கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பார்கள். ‘அழகு இருந்தால் போதுமா? பட்டம் எங்கே?’

ஜாகுவார் ரசிகர்களிடம் இதற்கு ஒரு பிரம்மாஸ்திரம் உண்டு. ‘உங்கள் தலைவர் ஃபெராரியே ஈ-டைப்பைப் பார்த்து, உலகத்திலேயே அழகான கார் என்று சொல்லியிருக்கிறார். தெரியுமா?’

இந்த வாக்கியம் இல்லாமல் ஈ-டைப் பற்றிய புத்தகமே கிடையாது. ஆனால், எப்போது சொன்னார், எங்கே சொன்னார், யாரிடம் சொன்னார் என்று கேட்டுப் பாருங்கள். ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். அதுவும் ஒருவகையில் அந்த 150 மைல் மாதிரிதான்.

*

நான்காவது பதிவு, வாங்கியவர்கள் அனுபவம். ஆரம்ப கால ஈ-டைப்பில் முதல் கியர் போடுவது ஒரு மல்யுத்தம். பழைய காலத்து கியர்பாக்ஸ். பிரேக், காரின் வேகத்துக்குத் தகுந்த நம்பிக்கையைக் கொடுக்கவில்லை. சீட் முதுகைப் பதம் பார்த்தது. உயரமானவர்கள் கால் வைக்க இடமில்லாமல் தவித்தார்கள். வெயில் காலத்தில் இன்ஜின் சூடாகும், உள்ளே உட்கார்ந்திருப்பவரும் சூடாவார். அந்த அழகான கண்ணாடி மூடிய ஹெட்லைட் இருக்கிறதே, அது ரோட்டைவிடத் தன்னைத்தான் நன்றாகக் காட்டியது.

1964-ல் 4.2 லிட்டர் இன்ஜினோடு வந்த ஈ-டைப்பில் கியர்பாக்ஸ், பிரேக், சீட் எல்லாவற்றையும் சரிசெய்தார்கள். நாலு வருடம் கழித்து 1968-ல் அமெரிக்காவின் புதுப் பாதுகாப்பு விதிகளுக்காக ஹெட்லைட் கண்ணாடி போனது. இன்ஜின் குளிர வேண்டும் என்று வாய் பெரிதானது. ஓட்டுவதற்கு இதுதான் சௌகரியமான கார். ஆனால், ரசிகர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? ‘ஐயையோ, கெடுத்துவிட்டார்களே!’ இன்றைக்கும் சந்தையில் அதிக விலை போவது, முதுகை வலிக்க வைத்த அந்த முதல் ஈ-டைப்புகள்தான்.

கவனித்தீர்களா? நன்றாக ஓடும் காரைவிட அழகான காருக்கு விலை அதிகம்.

ஐந்தாவது பதிவுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சேயர் அத்தனை கணக்குப் போட்டாரே, அந்த வடிவம் காற்றை எப்படிக் கிழித்தது? கார் காற்றில் எவ்வளவு தடையைச் சந்திக்கிறது என்பதைக் காட்ட ஒரு எண் இருக்கிறது. குறைவாக இருந்தால் நல்லது. ஈ-டைப்புக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எண் 0.44. இன்றைக்கு ஆபீஸ் போகவர ஓட்டும் சாதாரண செடான் கார்கள் 0.30-க்குப் பக்கத்தில் இருக்கின்றன. காற்றுக்காகவே பிறந்த வடிவம் என்று உலகமே நம்பிய கார், காற்றுப் பரீட்சையில் சுமார் மார்க்!

சேயரைக் குறை சொல்ல முடியாது. கார் அகலம் குறைவு, உயரம் குறைவு. அதனால் மொத்தத் தடை அவ்வளவு மோசமில்லை. அன்றைக்கு இருந்த அறிவையும் வசதியையும் வைத்துக்கொண்டு அவர் நேர்மையாகக் கணக்குப் போட்டார். கணக்கின் விடை காற்றுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மனிதக் கண்ணுக்குப் பிடித்துவிட்டது. அழகைப் பற்றிக் கவலையே படாத ஒருவர், அழகில் போய் ஜெயித்துவிட்டார்.

மொத்தக் கூட்டல் இதுதான். 150 மைல், ஜோடனை. 265 குதிரை, கிராஸ் கணக்கு. ரேஸ் பட்டம், ஃபெராரிக்கு. சௌகரியம், சுமார். காற்று, சுமார். அளக்க முடிந்த ஒவ்வொன்றிலும் ஈ-டைப் கொஞ்சம் குறைகிறது. அளக்க முடியாத ஒன்றே ஒன்றில் மட்டும் யாராலும் கிட்டே வர முடியவில்லை.

*

‘அப்படியென்றால் ஜாகுவார் ஏமாற்றியதா?’ என்று கேட்டால், எனக்கு அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. லயன்ஸுக்கு ஜனங்களின் மனசு தெரிந்திருந்தது. அழகாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி ஒரு குடும்பஸ்தன் 2,100 பவுண்டு எடுத்துவைக்க முடியாது. வீட்டில் கேட்பார்கள். தன் மனசாட்சியே கேட்கும். அவன் கையில் ஒரு எண்ணைக் கொடுக்க வேண்டும். ‘நூற்றைம்பது மைல் போகும், தெரியுமா? ஃபெராரியில் பாதி விலை!’ என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு. நம் ஊரில் பைக் வாங்கும் பையன் அப்பாவிடம் மைலேஜ் கணக்கு ஒப்பிப்பான். அப்பாவுக்கு மைலேஜ். அவனுக்குப் பெட்ரோல் டேங்கின் வளைவு. இருவருக்குமே அது தெரியும்.

பிரிட்டனில் 1965 டிசம்பரில் மோட்டார்வேயில் 70 மைல் உச்ச வரம்பு கொண்டுவந்தார்கள். அதற்கப்புறம் 150 மைலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சட்டப்படி பாதிகூடப் போக முடியாது. ஈ-டைப் விற்பனை நின்றுவிட்டதா? இல்லை. 1970-களின் நடுப்பகுதி வரை செய்தார்கள். மொத்தம் 72,000-க்கும் மேல். பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. ஃபெராரி ஜி.டி.ஓ. மொத்தமே 36 கார்கள். ஜி.டி.ஓ.வைக் கோடீஸ்வரர்கள் பூட்டிவைத்தார்கள். ஈ-டைப்பை ஊரே ரோட்டில் பார்த்தது.

சேயர் இதையெல்லாம் முழுசாகப் பார்க்கவில்லை. 1970-ல் மாரடைப்பு. வயது 53. லயன்ஸ் 1972-ல் ஓய்வு பெற்றார், 1985-ல் இறந்தார். 1996-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம், தன் நிரந்தரச் சேகரிப்பில் ஒரு ஈ-டைப்பைச் சேர்த்துக்கொண்டது. உலக மகா ஓவியங்கள் இருக்கும் இடம். அங்கே நுழைந்த மூன்றாவது கார் அது. ‘ஸ்டைலிஸ்ட்’ என்று கூப்பிட்டால் பிடிக்காத ஒருவரின் கணக்கு, கலைப்பொருளாக ஹாலில் நின்றது.

கம்பெனி கதை வேறு மாதிரி போனது. பிரிட்டிஷ் லேலண்ட் என்ற பெரிய கூட்டணிக்குள் மாட்டிக்கொண்டு தரம் கெட்டது, பெயர் கெட்டது. 1989-ல் அமெரிக்காவின் ஃபோர்டு 250 கோடி டாலருக்கு விலை பேசியது. ஜாகுவாரின் கட்டடம், மெஷின், சரக்கு என்று ஏட்டில் இருந்த சொத்து மதிப்பைவிட அது பல மடங்கு. 2008-ல் நம் டாடா மோட்டார்ஸ், ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் சேர்த்து 230 கோடி டாலருக்கு வாங்கியது.

காமர்ஸ் வகுப்பில் ‘குட்வில்’ என்று ஒரு பாடம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத சொத்து. தொட முடியாது, எண்ண முடியாது, ஆனால் பாலன்ஸ் ஷீட்டில் எழுதித்தான் ஆக வேண்டும். கடையை விற்கும்போதுதான் அதன் விலை தெரியும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது எனக்கு அது பிடிபடவே இல்லை. தெரியாத சொத்துக்கு யாராவது பணம் கொடுப்பார்களா என்றே தோன்றியது. ஈ-டைப்பைப் பற்றிப் படித்தபோதுதான் புரிந்தது. 1961-ல் இருநூறு பத்திரிகையாளர்கள் வாய் பிளந்தார்களே, அந்தப் பெருமூச்சின் விலையில் ஒரு பங்கைத்தான் ஃபோர்டும் டாடாவும் கொடுத்தார்கள். 2024 டிசம்பரில் ஜாகுவார் மியாமியில் ஒரு புது மாதிரி எலெக்ட்ரிக் காரைக் காட்டியபோது ரசிகர்கள் கொந்தளித்தார்கள். கோபம் வேகத்தைப் பற்றி இல்லை. வடிவத்தைப் பற்றி!

கடைசியாக ஒரு காட்சி. 2018 மே 19. இங்கிலாந்து இளவரசர் ஹாரிக்குக் கல்யாணம். மாலை விருந்துக்குப் புதுமணத் தம்பதி வின்ட்சர் கோட்டையிலிருந்து ஒரு திறந்த காரில் கிளம்புகிறார்கள். 1968-ல் செய்த ஈ-டைப். ஆனால், அதன் இன்ஜினைக் கழற்றிவிட்டு பேட்டரியும் எலெக்ட்ரிக் மோட்டாரும் வைத்திருந்தார்கள். ராத்திரிக் காவலில் இன்ஜினீயர்கள் கனவு கண்ட அந்த இன்ஜின் இல்லை. 265 குதிரைகளில் ஒன்றுகூட இல்லை. சத்தமும் இல்லை. மிச்சம் இருந்தது அந்த நீண்ட மூக்கும், முட்டை வாயும், வழுக்கிக்கொண்டு போகும் பின்பக்கமும்தான்.

உலகமே டி.வி.யில் அந்தக் காரைப் பார்த்தது.

எவ்வளவு வேகம் போகும் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.